ஒரு நாள் களை

“பூவத்தே, மண்ணுக்குக் கண்ணு இருக்குதா?” என்று ஆறு வயதுப் பெண் குழந்தை ஒரு மாலை நேரத்தில் கேட்டது.

ஒரு காலை நீட்டிப் போட்டு, உட்கார்ந்த வாக்கிலேயே நகர்ந்து நகர்ந்து கடலைக்காட்டில் களை கொத்திக்கொண்டிருந்த பூவாத்தாள் நிமிர்ந்தாள். அவளுக்கு இடது கால் சிறு வயதிலிருந்தே விளங்காது. குனிந்து வேலை செய்ய முடியாது. உட்கார்ந்தால்தான் உண்டு.

“கண்ணு இல்ல சாமி. மூக்குத்தான் இருக்குது. நம்ம கால் வாசத்த ஒருக்கா மோந்துக்கிச்சுன்னா அப்பறம் மறக்கவே மறக்காது. அதுக்குத்தான் காட்டுக்குள்ள செருப்பு போடக் கூடாதுங்கறது.”

குழந்தை யோசித்தது. யோசிக்கும்போது வலது காது மடலைப் பிடித்துக்கொள்வது அதன் வழக்கம். பிறகு ரப்பர் செருப்பைக் கழற்றி வரப்பின் மேல் ஒழுங்காக வைத்துவிட்டு, வெறுங்காலோடு மண்ணுக்குள் இறங்கி, தன் பங்குக்கு ஒரு அருகம்புல்லைப் பிடுங்கியது.

அந்தக் குழந்தையின் பெயர் நிரஞ்சனா. ஊரில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. பாப்பா என்றுதான் கூப்பிட்டார்கள். அந்த வருடமே அப்பா பாம்பு கடித்து இறந்துபோனார். அம்மா சரசாள் மகளைக் கூட்டிக்கொண்டு திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டாள். அதன் பிறகு நிரஞ்சனா நீலாம்பள்ளத்துக்கு வந்தது இருபத்தைந்து வருடங்கள் கழித்துத்தான். முகத்தில் கவசமும், தலையில் தொப்பியும், கையில் ஒரு பெட்டியுமாக, அரசாங்க வண்டியில் வந்து இறங்கினாள்.

மலைக்கு மேலே ஓர் அணை, கீழே ஓர் அணை என்று அரசாங்கம் கட்டிக்கொண்டிருந்தது. பகலில் சூரிய மின்சாரம் மிஞ்சும்போது தண்ணீரை மேலே ஏற்றி வைப்பார்கள். இருட்டிய பின் அதைக் கீழே விட்டு நகரங்களுக்கு மின்சாரம் எடுப்பார்கள். அந்தக் கீழ் அணையின் வயிற்றுக்குள் நீலாம்பள்ளத்தின் நாற்பத்து மூன்று வீடுகளும் வந்தன. தை மாதத்தில் மதகை அடைக்கப் போவதாகச் சொல்லியிருந்தார்கள்.

பழைய காலத்தில் அணை கட்டியபோதெல்லாம் காகிதம் வைத்திருந்தவர்களுக்கு மாற்று நிலம் கிடைத்தது. உழைத்தவர்களுக்குத் தண்ணீர் மட்டுமே கிடைத்தது. அந்தப் பாவத்தை இனிச் செய்வதில்லை என்று முடிவெடுத்துத்தான் புதிய சட்டம் கொண்டுவந்தார்கள். எந்த மண்ணில் யார் உழைத்தார்களோ அவர்களுக்கே மாற்று நிலம். நல்ல மனதோடு செய்த சட்டம் அது. நீலாம்பள்ளத்தில் ஒருவரிடமும் பட்டா இல்லாததால், அவர்களுக்கு அது சாமி கொடுத்த வரம் போல இருந்தது.

பெட்டியைப் பள்ளிக்கூட மைதானத்தில் வைத்தபோது ஊரே கூடிவிட்டது.

“என்னங்க இது, மாட்டுக்கு ஊசி போடற பெட்டியாட்ட இருக்குது?” என்று கேட்டார் குப்பண்ணன். ஊரில் எல்லாவற்றுக்கும் முதலில் வாய் திறப்பவர் அவர்தான்.

விசாரணை அலுவலர் ஜெயசீலன் சிரித்தார். ஐம்பது வயதுக்காரர். எதையும் பொறுமையாகச் சொல்லக்கூடியவர். “இது மண்ணை மோந்து பாக்குற பெட்டிங்க. நாம வேலை செய்யும்போது வேர்வை சிந்துது, தோல் உதிருது. தோல் மேல கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன உயிர்கள் குடியிருக்கு. அதுவும் சேந்து மண்ணுல விழுது. அந்தக் கூட்டம் ஆளுக்கு ஆள் வேற வேற, கைரேகை மாதிரி. நாப்பது வருஷம் ஆனாலும் அதோட தடம் மண்ணுல இருக்கும். உங்க எல்லாரோட கையிலயும் ஒரு பஞ்சால துடைச்சு எடுத்துக்குவோம். அப்புறம் காட்டு மண்ணை எடுத்துப் போட்டா, யாரோடது எவ்வளவு இருக்குன்னு பெட்டி சொல்லிரும்.”

“அப்ப எங்க மச்சானுக்குத்தான் ஆபத்துங்க. அவன் காட்டுல வேர்வையச் சிந்துனதே இல்ல. சிந்துனதெல்லாம் சாராயந்தான். மோந்து பாத்துட்டுப் பெட்டி மயங்கி விழுந்துச்சுன்னா நாங்க பொறுப்பில்லீங்க.”

மச்சான் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அதற்கு மோப்பப் பெட்டி என்று பெயராகிவிட்டது.

“மண்ணை எடுக்கற இந்த அம்மிணியோட வேர்வையும் அதுல விழுமில்லீங்க?” என்று குப்பண்ணனின் மனைவி தங்காயாள் கேட்டாள்.

“நல்ல கேள்வி. அதுக்குத்தான் எடுக்கறவங்க ஒவ்வொரு முறையும் முதல்ல இந்தத் தகட்டு மேல உள்ளங்கையை வைப்பாங்க. பெட்டி அவங்களோடத மட்டும் கழிச்சுட்டு மீதியைச் சொல்லும். இன்னொண்ணு, இந்த வேலைக்கு அந்தந்த ஊர்க்காரங்களைப் போடறதில்லை. சொந்த பந்தம்னு பார்வை சாஞ்சிரக் கூடாதில்லையா? வெளியூர்க்காரங்கதான் வரணும். அது விதி.”

“அம்மிணிக்கு எந்தூருங்க?” என்றார் குப்பண்ணன்.

“திருப்பூர்” என்றாள் நிரஞ்சனா. அவளுடைய சான்றிதழ்களிலும் அப்படித்தான் இருந்தது. தண்ணீர் வருவதற்கு முன் ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையில், இந்த ஊர்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். பொய் சொல்கிறோம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. ஒன்றைச் சொல்லாமல் விடுகிறோம் என்று மட்டுமே நினைத்தாள்.

பெட்டி நல்லதையே செய்தது. கோயம்புத்தூரில் இருக்கும் ஒரு பெரிய மனிதரின் காட்டில் வேலான் என்பவர் நாற்பது வருடம் பாடுபட்டிருந்தார். அந்த மனிதர் அது தன் அனுபோகம் என்று வக்கீலோடு வந்தார். மண்ணில் வேலானும் அவர் அப்பாவும்தான் இருந்தார்கள். முடிவைக் கேட்டதும் வேலான் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பெட்டிக்கு முன் விழுந்து கும்பிட்டார். ஜெயசீலன் அவரைத் தூக்கிவிட்டு, “எனக்கில்லை, மேல இருக்கறவருக்குச் சொல்லுங்க” என்றார்.

பூவாத்தாளின் முறை பத்தாம் நாள் வந்தது.

நீலாம்பள்ளத்தில் மாற்றாள் என்றொரு வழக்கம் இருந்தது. கூலிக்கு ஆள் வைக்க யாருக்கும் வசதியில்லை. இன்று நீ என் காட்டில் களை எடு, நாளை நான் உன் காட்டில் எடுக்கிறேன் என்பதுதான் ஏற்பாடு. கைக்குழந்தை வைத்திருக்கும் பெண்கள் என்ன செய்வார்கள்? அதற்காக ஊர் ஓரத்து வாகைமரத்தில் வரிசையாகத் தொட்டில் கட்டி, எல்லாப் பிள்ளைகளையும் பூவாத்தாளிடம் விட்டுவிட்டுப் போவார்கள். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் அந்த மரத்தடியில் உட்கார்ந்து பிள்ளைகளை ஆட்டினாள், குளிப்பாட்டினாள், தோளில் போட்டுத் தட்டினாள். அதற்கு மாற்றாக, அவளுடைய எண்பது சென்ட் காட்டில் உழுவது முதல் கடலைக்காய் பிடுங்குவது வரை மற்ற பெண்கள் செய்துகொடுத்தார்கள். யாரும் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. யாரும் ஏமாற்றியதும் இல்லை.

பள்ளிக்கூட அறையில் ஜெயசீலன் தாளைப் பார்த்தார். இன்னொரு முறை பார்த்தார்.

“ஏம்மா, உங்க காட்டு மண்ணுல பதினோரு பேரோட அடையாளம் இருக்கு. உங்களோடது இல்லை.”

“இல்லீங்களா?” என்றாள் பூவாத்தாள். காது சரியாகக் கேட்கவில்லையோ என்பது போல முகத்தை முன்னால் நீட்டினாள்.

தங்காயாள் எழுந்தாள். “அய்யா, நாஞ் சொல்றனுங்க. பூவக்கா எங்க புள்ளைங்களப் பாத்துக்கிச்சு. அதுக்கு மாத்தா நாங்கதானுங்க அவங்க காட்டுல அத்தனை வேலையும் செஞ்சோம். ஒரு நாளும் அவங்கள வெயில்ல எறங்க உட்டதில்லீங்க. கன்னிமார் சாமிக்குப் பொதுவாச் சொல்றனுங்க.”

சொல்லிவிட்டுப் பெருமையோடு உட்கார்ந்தாள். சொன்ன வாக்கை ஊர்ப் பெண்கள் எப்படிக் காப்பாற்றினார்கள் என்பதற்குத்தான் அவள் சாட்சி சொன்னாள். ஆனால் தாளில் அது பூவாத்தாளுக்கு எதிராகவே பதிவானது.

“தங்காயா சொல்றது நெசந்தானுங்க” என்றாள் பூவாத்தாள். “ஆனா பொழுதோட, புள்ளைங்கள அல்லாரும் கூட்டிக்கிட்டுப் போனதுக்கப்பறம், நானும் சித்த நேரம் காட்டுல வேலை பாப்பனுங்க. தெனமும்.”

“என்னக்கா, எங்ககிட்டச் சொல்லவே இல்லையே?”

“எப்படிச் சொல்லுவேன் தங்காயா? சொன்னா நீங்க செஞ்சது பத்தலைன்னு ஆயிருமில்ல?”

அறையின் பின்பக்கம் யாரோ, “வயசாச்சுல்ல, ஞாபகம் முன்னப் பின்னத்தான் இருக்கும்” என்றார்கள். இன்னொரு குரல், “ஆசை ஆர உட்டுச்சு” என்று முணுமுணுத்தது. பூவாத்தாளின் காதில் இரண்டும் விழுந்தன. இத்தனை வருடமாகப் பிள்ளைகளை நம்பி ஒப்படைத்த ஊர், அவள் சொல்லை முதல் முறையாகச் சந்தேகப்பட்டது. பெட்டி இதுவரை பதினோரு ஊர்களில் ஒரு முறையும் தவறு செய்ததில்லை.

“நீங்க வேலை செஞ்சத யாராவது பாத்தாங்களாம்மா?”

“அந்நேரத்துக்கு அல்லாரும் அடுப்படியில இருப்பாங்களுங்க.”

ஜெயசீலனுக்கு அவளை அப்படியே அனுப்ப மனமில்லை. “ஊர விட்டுப் போனவங்க, இங்க எந்தப் பங்கும் கேக்காதவங்க யாராவது பாத்திருந்தாக்கூடப் போதும். அவங்க வந்து சொன்னா சட்டம் ஏத்துக்கும். அப்படி யாராச்சும் இருக்காங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

பூவாத்தாளின் பார்வை அறையைச் சுற்றி வந்தது. மூலையில் பெட்டிக்குப் பக்கத்தில் காது மடலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த நிரஞ்சனாவின் மேல் வந்து நின்றது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

“யாருமில்லீங்க” என்றாள்.

நிரஞ்சனாவுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. அம்மா எப்போதும் கடைசியில்தான் வருவாள். மற்றப் பிள்ளைகள் போன பிறகு பூவத்தை அவளைக் கையில் பிடித்துக்கொண்டு காட்டுக்குப் போவாள். உட்கார்ந்து நகர்ந்து நகர்ந்து களை எடுப்பாள். ஆனால் ஆறு வயதில் பார்த்தது எவ்வளவு உண்மை? பெட்டி பொய் சொல்லுமா? எழுந்து நின்று சொன்னால் நீ யார் என்று கேட்பார்கள். கேட்டால் வேலை போய்விடும். அவள் எழுந்திருக்கவில்லை.

பூவாத்தாள் ‘நிலமற்ற தனிநபர்’ ஆனாள். மற்றவர்களுக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால் புதுக் குடியிருப்பும் காடும். அவளுக்கு டவுனில் நான்காவது மாடியில் ஓர் அறை. அவளுடைய எண்பது சென்ட்டுக்குரிய நிலம் பதினோரு பெண்களுக்குப் பிரிந்தது. எங்களுக்கு வேண்டாம், அக்காவுக்கே கொடுங்கள் என்று அவர்கள் போய் நின்றார்கள். பத்து வருடத்துக்கு யாரும் யாருக்கும் மாற்றித் தர முடியாது என்று சட்டம் சொன்னது. ஏழைகளிடமிருந்து யாரும் மிரட்டி எழுதி வாங்கிவிடக் கூடாது என்பதற்காக வைத்த விதி அது.

ஊர் காலியான அன்று கன்னிமார் கற்கள் ஏழையும் ஈரத்துணியில் சுற்றி வேனில் ஏற்றினார்கள். கூடவே தானும் ஏறப்போன தங்காயாள், பூவாத்தாள் வேறு வண்டியில் ஏறுவதைப் பார்த்துவிட்டு இறங்கி ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “எம்பட வாயாலயே உங்களுக்கு மண்ணள்ளிப் போட்டுட்டனே அக்கா” என்று அழுதாள். “அட போடி. நெசத்தத்தான சொன்ன” என்று பூவாத்தாள் அவள் கண்ணைத் துடைத்து அனுப்பினாள்.

பிறகு ஓட்டுநரிடம் ஒரு நிமிடம் பொறுக்கச் சொல்லிவிட்டு, காலை இழுத்து இழுத்து நடந்து குழாயடிக்கு வந்தாள். அங்கே நிரஞ்சனா தனியாகக் கருவிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“யோசிக்கறப்ப இன்னும் அந்தக் காத விட மாட்டேங்கறயே சாமி” என்றாள்.

நிரஞ்சனாவின் கையிலிருந்த, மண் எடுக்கும் குழாய் நழுவியது. “அத்தே... தெரியுமா உங்களுக்கு?”

“வந்து எறங்குன அன்னைக்கே தெரியும். மூஞ்சிய மூடிக்கிட்டா? உன்னைய ஆறு வருசம் தூக்கிச் சொமந்த கையி இது.”

“அப்புறம் ஏன் சொல்லலை? அன்னைக்கு அய்யா கேட்டாரே... என்னையக் கை காட்டியிருந்தா உங்க காடு கெடச்சிருக்குமே.”

“இந்தூர்க்காரங்க இந்த வேலைக்கு வரக் கூடாதுன்னு அவருதான சொன்னாரு? எனக்குக் காடு கெடைக்கோணும்னு உம்பட சோத்துல மண்ணப் போடறதா?” பூவாத்தாள் ஈரமாக இருந்த அவள் கையைத் தன் முந்தானையில் துடைத்துவிட்டாள். “எனக்கு அது வருத்தமில்ல. மண்ணு என்னைய மறந்துபோச்சுங்கறாங்க பாரு, அதுதான் சித்த வலிக்குது. அம்மா எப்படி இருக்கறா?”

“போய்ட்டாங்க அத்தே. மூணு வருசமாச்சு. கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாங்க. அப்பா செத்த அவசரத்துல ஊர விட்டு வந்துட்டோம், பூவக்காவுக்கு ஒரு நாள் களை பாக்கி நிக்குதுன்னு.”

பூவாத்தாள் சிரித்தாள். “பைத்தியக்காரி. அதையெல்லாம் நெனச்சுக்கிட்டா கெடந்தா? தண்ணி வந்து அல்லாத்தையும் அழிச்சிரும். நீ மனச அலட்டிக்காத.”

வண்டி ஹாரன் அடித்தது. அவள் போய்விட்டாள்.

நிரஞ்சனாவால் அலட்டிக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. தலைமையகத்தின் சேமிப்பு அறையில் நீலாம்பள்ளத்து மண் அடைத்த குழாய்கள் அடுக்கியிருந்தன. அடுத்த வாரம் முழுவதும் அவற்றின் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தாள். ஒவ்வொரு தாளின் கடைசியிலும் ‘நீக்கப்பட்ட பங்கு’ என்றொரு வரி இருக்கும். எடுப்பவரின் வேர்வையாகக் கழித்தது எவ்வளவு என்பது அது. எந்த ஊரிலும் நூற்றில் அரைக்கு மேல் வராது. அதனால் யாரும் அதைப் படிப்பதில்லை.

நீலாம்பள்ளத்தின் எல்லாக் காடுகளிலும் அது நான்கு, ஐந்து, ஆறு என்று இருந்தது. பூவாத்தாளின் காட்டில் அறுபத்து மூன்று.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போய் ஜெயசீலனின் மேசையில் வைத்தாள். அவர் டிபன் பாக்ஸைத் திறந்து, கண்ணை மூடி ஜபம் செய்து முடிக்கும் வரை காத்திருந்தாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள்.

அவர் சாப்பிடவில்லை. “பிறந்த குழந்தையோட தோல்ல ஒண்ணுமே இருக்காது” என்றார் மெதுவாக. “தூக்கறவங்க, குளிப்பாட்டறவங்க, நெஞ்சுல போட்டுத் தூங்க வைக்கறவங்க, அவங்ககிட்ட இருந்துதான் அந்த உயிர்கள் முதல்ல வந்து குடியேறும். வளந்தப்புறம் ஊரு மாறலாம், சோப்பு மாறலாம். அடியில அந்த முதல் கூட்டம் கொஞ்சம் இருந்துக்கிட்டே இருக்கும்.”

“அப்ப என்னோட தோல்ல...”

“அந்தம்மா இருக்காங்க. உன்னை நல்லா வளத்திருக்காங்க போல. நீ ஒவ்வொரு முறையும் தகட்டு மேல கையை வச்சு, ‘இது நான், இதைக் கழிச்சிரு’ன்னு பெட்டிக்குச் சொல்லியிருக்கே. அது உன்னோட சேத்து அவங்களையும் கழிச்சிருச்சு. மத்த காடுகள்ள நாலும் அஞ்சும் ஏன் போச்சு தெரியுமா? அந்த வாகைமரத்துப் பிள்ளைங்க வளந்து அங்கெல்லாம் வேலை செஞ்சிருக்காங்க. அவங்க தோல்லயும் அந்தம்மா இருக்காங்க. அந்த ஊர்ல அவங்க இல்லாத மண்ணே இல்லைம்மா. வேற யாரு எடுத்திருந்தாலும் பெட்டி சரியாச் சொல்லியிருக்கும்.”

நிரஞ்சனா தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“மறுசோதனை செஞ்சிருவோம். வேற ஆளை வச்சு” என்றார் அவர். “காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. ‘கருவிப் பழுது’ன்னு எழுதிக்கலாம். உன் வேலையும் தப்பும். இதுல யாருக்கும் கெடுதல் இல்லை.”

அவர் அன்பினால்தான் அப்படிச் சொன்னார். நிரஞ்சனாவும் அதைத்தான் எழுத விரும்பினாள். பேனாவையும் எடுத்தாள்.

“சார், நீலாம்பள்ளத்துல கருவி பழுதாச்சுன்னு நாமளே எழுதிக் குடுத்தா, வேலானுக்குக் கெடச்ச நிலம்?”

கோயம்புத்தூர் வக்கீல் அப்படி ஒரு காகிதத்துக்குத்தான் காத்திருந்தார்.

“கருவி சரியாத்தான் சார் இருக்கு” என்று சொல்லிவிட்டு அவள் எழுதினாள். ‘மண் எடுத்த நான் நீலாம்பள்ளத்தில் பிறந்தவள். அதை மறைத்தேன். ஆறு வயது வரை என்னை வளர்த்தவர் பூவாத்தாள்.’ மூன்று வரிதான். எழுதி முடித்ததும் ஜெயசீலன் டிபன் பாக்ஸை அவள் பக்கம் நகர்த்தி, “கொஞ்சம் சாப்பிடு” என்றார்.

தண்ணீர் ஏறுவதற்கு முன் வேறொருவர் வந்து அந்தக் காட்டு மண்ணைச் சோதித்தார். நூற்றில் அறுபத்து மூன்று பங்கு பூவாத்தாள். அதிலேயே, மிக லேசாக, அவளுடையதைப் போன்றே இன்னொரு சின்னத் தடமும் இருந்தது. ‘அடையாளம் தெரியாத சிறுபிள்ளை’ என்று அவர் குறித்து வைத்தார்.

நிரஞ்சனாவின் வேலை போயிற்று. திருப்பூரில் தண்ணீர் சோதிக்கும் கூடமொன்றில் சிறிய வேலையில் சேர்ந்தாள். உத்தரவு பூவாத்தாளுக்குப் போய்ச் சேர ஆறு மாதம் ஆனது. அந்த ஆறு மாதமும், மின்தூக்கி ஓடாத நாட்களில், அவள் நான்காவது மாடியிலிருந்து கீழே இறங்கவில்லை. உத்தரவில் ‘மறு ஆய்வில் உறுதி செய்யப்பட்டது’ என்பதற்கு மேல் எதுவும் இல்லை. படித்துக் காட்டிய ஜெயசீலனிடம் அவள், “எனக்காட்டவே மண்ணுக்கும் வயசாச்சுங்க. சித்த யோசிச்சுத்தான் ஞாபகம் வருது” என்றாளாம். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் என்று நிரஞ்சனாவிடம் சொன்னார் அவர். யார் எழுதிக் கொடுத்தார்கள் என்று பூவாத்தாளிடம் அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்று நிரஞ்சனா கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆனால் நல்ல இடங்களையெல்லாம் அதற்குள் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். பூவாத்தாளுக்குக் கிடைத்தது குடியிருப்பின் கடைசியில் இருந்த கல்லுக்காடு. மாற்றாள் வழக்கமும் தண்ணீருக்குள் போய்விட்டது. பெண்கள் காலையில் மில் பேருந்தில் ஏறினால் இருட்டித்தான் வந்தார்கள். பிள்ளைகளை மில்லிலேயே பார்த்துக்கொள்ள ஆள் இருந்தது. பூவாத்தாளிடம் விட ஒரு பிள்ளையும் இல்லை. ஒரு காலை நீட்டிப் போட்டு, தனியாக, அந்தக் கல்லுக்குள் அவள் கடலைக்காய் விதைத்திருந்தாள்.

“ஆவணி ரெண்டாம் வெள்ளி, ஊரே அணைக்கரைக்குப் போகுதாம். தண்ணிக்கு முன்னால கன்னிமாருக்குப் பொங்கல் வைக்கணும்னு அனுமதி கேட்டு எழுதியிருக்காங்க” என்று ஜெயசீலன் ஒரு நாள் தொலைபேசியில் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

அந்த வெள்ளிக்கிழமை நிரஞ்சனா விடுப்பு எடுத்துக்கொண்டு முதல் பேருந்தில் வந்தாள். குடியிருப்பில் கோழிகள் மட்டும் இருந்தன. எல்லா வீடுகளும் ஒரே மாதிரி வெள்ளையாக நின்றன. கடைசிக் காட்டுக்கு வழி கேட்க ஆள் இல்லை. கேட்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. கடலைச் செடிக்கு இணையாகக் களை வளர்ந்திருந்த காடு ஒன்றே ஒன்றுதான். ஓரத்தில் கால்வாசி மட்டும் சுத்தமாக இருந்தது. உட்கார்ந்து நகர்ந்து போன தடம் அதுவரைதான் வந்திருந்தது.

வேலிக் கம்பில், களை வெட்டும் களைக்கொத்து செருகியிருந்தது. எடுத்துக்கொண்டாள். செருப்பைக் கழற்றி வரப்பின் மேல் வைத்துவிட்டு இறங்கினாள்.

அவளுக்கு அந்த வேலை தெரியாது. முதல் ஒரு மணி நேரத்தில் நான்கு கடலைச் செடிகளைச் சேர்த்து வெட்டிவிட்டாள். பிறகு கொத்துவதைக் குறைத்துக் கையால் பிடுங்கினாள். வெயில் ஏறியது. உள்ளங்கையில் கொப்புளம் வந்து உடைந்தது. வேர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டியபோது துடைக்கவில்லை. பிடுங்கிய களையை அள்ளி அள்ளி வரப்பில் போட்டாள். நடுவில் கொண்டுவந்திருந்த தயிர்ச் சோற்றை நின்றபடியே தின்றாள். குனிந்து முதுகு பிடித்துக்கொண்டபோது, பூவத்தை செய்வதைப் போல உட்கார்ந்து நகர்ந்து பார்த்தாள். கற்கள் குத்தின. அப்படியே தொடர்ந்தாள்.

வெயில் சாய்ந்தபோது கடைசிச் சாலும் முடிந்தது. திரும்பிப் பார்த்தாள். கடலைச் செடிகள் மட்டும் நின்றன.

தொலைவில், மேட்டுக்கு அந்தப் பக்கம், பேருந்துச் சத்தம் கேட்டது. அவர்கள் பொங்கல் வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பூவாத்தாள் நாளைக்குக் காட்டைப் பார்த்துவிட்டுத் தங்காயாளைக் கேட்பாள். தங்காயாள் வேறு யாரையாவது கேட்பாள். செய்தது இவரோ அவரோ என்று ஒருவர் மாற்றி ஒருவரை நினைத்துக்கொண்டிருப்பார்கள். யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் எல்லோரிடமும் கொஞ்சம் அன்பாக இருப்பார்கள்.

நிரஞ்சனா களைக்கொத்தைத் தண்ணீர்த் தொட்டியில் கழுவி, இருந்த கம்பிலேயே, இருந்த மாதிரியே செருகினாள். “ஆச்சும்மா” என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, காட்டைத் தாண்டும் வரை வெறுங்காலோடு நடந்தாள்.